தூர் வாரியாச்சு... அப்புறம்?

கோடை வந்தால் போதும், ஜேசிபி வந்துவிடும். கூடவே ஒரு எம்.எல்.ஏ., ஒரு ஒன்றிய அலுவலர், தேங்காய் உடைக்க ஒருவர், போட்டோ எடுக்க நாலு பேர். கண்மாயின் நடுவில் பத்து நாள் மண் அள்ளுவார்கள். கரையில் பச்சை பெயின்ட் அடித்த ஒரு பலகை முளைக்கும்: திட்டத்தின் பெயர், மதிப்பீடு, ஆண்டு. அடுத்த வருஷம் அந்தப் பலகையைச் சுற்றி சீமைக் கருவேலம் முளைத்திருக்கும். மூன்றாவது வருஷம் பலகையே தெரியாது. அப்புறம் புதுத் திட்டம், புதுப் பலகை!

இது கறம்பக்குடிக்கு மட்டும் வந்த வியாதி இல்லை. ஆனால் கறம்பக்குடியை வைத்துப் பேசினால்தான் இது எவ்வளவு பெரிய ஏமாற்று என்பது புரியும். ஏனென்றால் அந்தப் பகுதிக்கு மேட்டூர் தண்ணீர் பெரிய ஆறுதல் கிடையாது. ஒரத்தநாடு எல்லையைத் தாண்டினால் கல்லணைக் கால்வாய் பாய்கிற பூமி. இந்தப் பக்கம் செம்மண்ணும் சரளையும் செம்புறாங்கல்லும். நிலக்கடலை, முந்திரி, தென்னை, கரும்பு எல்லாமே வானத்தையும் கண்மாயையும் போர்வெல்லையும் நம்பித்தான். அக்னியாறு ஓடுகிறது என்பார்கள். மழைக்காலத்தில் ஓடும், மற்ற நாளில் மணல்தான் கிடக்கும். புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க 5,000க்கும் மேற்பட்ட கண்மாய், ஏரி, குளங்கள் இருப்பது யாரோ அழகுக்காக வெட்டியதால் அல்ல. வேறு வழி இல்லாததால் வெட்டியது.

ஒரு சின்னக் கணக்கு. (காமர்ஸ் படிக்கிறவர்களுக்குக் கணக்கு பிடிக்கும், மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளலாம்.) ஒரு ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சுமார் 4,047 லிட்டர் தண்ணீர். அந்தப் பகுதியின் ஆண்டு மழை ஏறக்குறைய 900 மி.மீ. என்று வைத்தால், ஒரு ஏக்கரில் விழுவது 36 லட்சம் லிட்டர். இது மண்ணுக்குள் போனால் சொத்து. வழிந்து ஓடினால் போகும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும். ஒரு ஏக்கரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேல்மண் போனாலும் அது நான்கு கன மீட்டர். ஒரு டிராக்டர் டிப்பர் கொள்வது மூன்று கன மீட்டர் அளவு. ஆக, கண்ணுக்கே தெரியாத அந்த ஒரு மில்லிமீட்டரில் ஒரு டிப்பருக்கும் அதிகமான நல்ல மண் காணாமல் போகிறது. அது எங்கே போய்ப் படுக்கிறது? நேராகக் கண்மாயில். அதை அள்ளத்தான் ஜேசிபி!

அதாவது கொல்லையில் வரப்பு சரியில்லாததால் மண் கண்மாய்க்கு வருகிறது. கண்மாயில் மண் ஏறியதால் தண்ணீர் தங்கவில்லை. தண்ணீர் தங்காததால் போர்வெல் இன்னும் ஆழமாகப் போகிறது. வியாதி மேட்டில் இருக்கிறது, வைத்தியம் பள்ளத்தில் நடக்கிறது. எத்தனை முறை வாரினாலும் வரவு நிற்காது.

பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. கண்மாய் வண்டலை மாட்டு வண்டியில் ஏற்றி மறுபடியும் கொல்லையில் கொட்டினார்கள். போன மண் திரும்பி வந்தது. இன்றைக்கும் அதற்கு விதி இருக்கிறது. 2017இல் அறிவித்த முறைப்படி நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் வண்டல் இலவசமாக எடுக்கலாம். 2024இல் தாசில்தாரே அனுமதி கொடுக்கலாம் என்று அதை எளிமையும் ஆக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் எந்தக் கண்மாயில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் எடுக்கலாம், மடைக்குக் கீழே போகாமல் எங்கே நிறுத்துவது, எடுத்த மண் யார் கொல்லைக்குப் போனது, யார் செங்கல் சூளைக்குப் போனது... இதைக் கரையில் நின்று பார்க்க ஆள் யார்? தாசில்தார் ஆபீஸில் சீட்டு கொடுக்கலாம். கரையில் நிற்க முடியாது.

சரி, மேட்டில் விழுந்த ஒரு மழைத்துளியின் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். அது ஒருவருடைய பட்டா கொல்லையில் விழுகிறது. அங்கே சமமட்ட வரப்பு, பண்ணைக்குட்டை போட்டுத்தர வேண்டியது வேளாண்மைப் பொறியியல் துறை. கொல்லையைத் தாண்டி வரத்து வாரிக்குள் இறங்குகிறது. வாரி புறம்போக்கு, ஆகவே வருவாய்த் துறை. வாரி ஒரு ரோட்டைக் கடக்கிறது. அங்கே பாலத்துக் குழாய் அடைத்துக்கொண்டால் நெடுஞ்சாலைத் துறை. அப்புறம் ஒரு தைலமரக் காடு, அது வனத்தோட்டக் கழகம். கடைசியில் கண்மாய். அதன் ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம், மேலே என்றால் நீர்வளத் துறை. கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்குப் போனால் மறுபடியும் வேறு ஆபீஸ், வேறு ஃபைல். தண்ணீருக்கு ஒரே பாதைதான். அதற்கு ஆறு எஜமானர்கள். இந்த ஆறு பேரும் ஒரு மேஜையில் உட்காருவது கலெக்டர் நடத்தும் குறைதீர் கூட்டத்தில் மட்டும். அதுவும் மாதம் ஒரு நாள், மாவட்டம் முழுவதற்கும்.

தைலமரம் என்று சொன்னதும் கறம்பக்குடி, கந்தர்வகோட்டை, ஆலங்குடி பக்கத்து ஆட்களுக்குக் கோபம் வரும். வரட்டும், நியாயமான கோபம்தான். தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் 1974இல் தொடங்கியது. புதுக்கோட்டை மாவட்டம் உருவானதும் அதே வருஷம் ஜனவரியில்தான். கிட்டத்தட்ட மாவட்டத்தின் வயசு அந்தக் காடுகளின் கதைக்கும். காகித ஆலைக்கு மரம் வேண்டும், அதனால் மேட்டு நிலமெல்லாம் யூகலிப்டஸ். மரம் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று மட்டும்தான் பொதுவாகப் பேசுகிறார்கள். விவசாயிகள் சொல்லும் இன்னொரு புகார்தான் இங்கே முக்கியம். மழைத்தண்ணீர் வெளியே போகாதபடி காட்டுக்குள் வரப்பு வெட்டித் தடுத்துக்கொள்கிறார்கள், அதனால் கீழே இருக்கும் கண்மாய்க்கு வரத்தே இல்லை என்கிறார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், புத்தகத்தில் அந்த வரப்புக்குப் பெயர் 'மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு'! கழகத்தின் கணக்கில் அது பாதுகாப்பு, கண்மாய்க்காரன் கணக்கில் அது திருட்டு. இரண்டு பேரில் யார் சரி என்று தீர்ப்பு சொல்ல, மேட்டையும் பள்ளத்தையும் ஒரே நிலமாகப் பார்க்கும் அமைப்பு ஒன்று வேண்டும். அது இல்லை. அதனால் விவசாயி மறியலுக்குப் போகிறான், இல்லையென்றால் மதுரைக்கு, ஹைகோர்ட் கிளைக்குப் போகிறான். ஒரு வாரியின் வளைவு நெளிவைப் பற்றி நீதிபதி முடிவு செய்ய வேண்டியிருப்பது அந்த நீதிபதிக்கே பாரம்.

இந்த இடத்தில் கொஞ்சம் அமெரிக்கா போய்விட்டு வரலாம். (எதற்கெடுத்தாலும் அமெரிக்காவா என்று முகம் சுளிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.) 1930களில் அங்கே நடு மாநிலங்களில் நிலத்தை உழுது உழுது மேல்மண் காற்றில் பறந்தது. 1934 மே மாதப் புழுதிப் புயல் நியூயார்க், வாஷிங்டன் வரைக்கும் போய் அரசாங்கத்தின் கண்ணிலேயே மண்ணைத் தூவியது. 1935இல் மண் பாதுகாப்புச் சேவை என்று ஒரு மத்திய நிறுவனம் அமைத்தார்கள், தலைவர் ஹியூ பென்னெட். இதுவரை இங்கே நடக்கிற மாதிரிதான். அடுத்துச் செய்ததுதான் புத்திசாலித்தனம். தலைநகரில் இருந்துகொண்டு தனியார் நிலத்தில் வரப்பு போட முடியாது என்று புரிந்துகொண்டு, 1937இல் ஒரு மாதிரிச் சட்டத்தை எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ரூஸ்வெல்ட் அனுப்பினார். உள்ளூர் விவசாயிகளே தங்கள் பகுதிக்கு ஒரு 'மண் பாதுகாப்பு மாவட்டம்' அமைத்துக்கொள்ளலாம், அதற்கு உள்ளூர் ஆட்களே நிர்வாகக் குழு. அதே வருஷம் வட கரோலினாவில், பென்னெட்டின் சொந்தக் கவுண்டியில், பிரவுன் கிரீக் என்ற ஓடையின் பெயரில் முதல் மாவட்டம் வந்தது. கவனிக்க வேண்டியது அந்தப் பெயர்தான். ஊர் பெயரோ தலைவர் பெயரோ வைக்கவில்லை, ஓடையின் பெயரை வைத்தார்கள். இன்று அங்கே இப்படி சுமார் 3,000 மாவட்டங்கள் இருக்கின்றன.

வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. நிலக்காரர் அந்த ஆபீஸுக்குப் போய்த் தன் நிலத்தில் மண் அரிக்கிறது என்கிறார். ஒரு தொழில்நுட்ப ஆள் நிலத்துக்கே வந்து சரிவு, மண், தண்ணீர்ப் போக்கு பார்த்து ஒரு திட்டம் எழுதித் தருகிறார். அதற்குக் காசு கிடையாது. வரப்போ குட்டையோ போடும் செலவில் ஒரு பங்கு அரசுத் திட்டங்களிலிருந்து கிடைக்கும். கட்டாயம் இல்லை. நிபுணர் சம்பளம் மத்திய அரசுடையது, எந்த வேலை முதலில் என்று சொல்வது உள்ளூர்க் குழு. எல்லாம் சுபம் என்று சொல்லிவிட முடியாது. பெரிய நிலக்காரர்களே குழுவில் உட்கார்ந்துகொள்வதும், கறுப்பின விவசாயிகள் விவசாயத் துறையின் உதவிகளிலிருந்து பல பத்தாண்டுகள் ஒதுக்கப்பட்டதும் அந்த நாட்டின் வரலாறுதான். ஆனாலும் 1937இல் ஆரம்பித்த ஆபீஸ் இன்றும் திறந்திருக்கிறது. அதிபர் மாறியதால் பலகையின் பெயர் மாறவில்லை.

இதையெல்லாம் வெள்ளைக்காரனிடம் கற்க வேண்டிய அவசியமே இல்லை என்று சொல்பவர்கள் உடனே உத்திரமேரூரை இழுப்பார்கள். உண்மைதான். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் ஏரி வாரியம் இருக்கிறது. ஆறு உறுப்பினர்கள், குடவோலையில் தேர்வு, ஒரு வருஷப் பதவி. கணக்கு காட்டாதவனுக்கு மறுபடி வாய்ப்பே கிடையாது. ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால் ஏரிக்கு என்றே தேர்ந்தெடுத்த குழு! புதுக்கோட்டைச் சீமையிலும் கண்மாய்க்குள் நிற்கும் குமிழித் தூம்புக் கற்களில் அதைச் செய்து கொடுத்தவர்களின் பெயரை வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் பெருமை பேசும்போது பாதியை விட்டுவிடக் கூடாது. உத்திரமேரூரில் வாரியத்துக்குப் போக நிலம் வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும். குடிமராமத்து என்று இன்று இனிக்க இனிக்கச் சொல்லும் முறையிலும், கரையில் மண் சுமந்தவர் ஒரு சாதி, மடையைத் திறக்கச் சொன்னவர் இன்னொரு சாதி. மீட்டெடுக்க வேண்டியது அந்தப் பழைய ஏற்பாட்டை அல்ல. ஏரிக்கு என்று நிரந்தரமாக, கேள்வி கேட்கக்கூடிய ஒரு குழு இருந்தது என்ற ஒரே விஷயத்தைத்தான்.

அந்தக் குடிமராமத்து என்ற பெயரை 2017இல் அரசே எடுத்துக்கொண்டது. முதல் கட்டம் 100 கோடி ரூபாய், ஏறத்தாழ 1,500 பணிகள். 2019இல் சுமார் 500 கோடி, 1,800க்கும் மேற்பட்ட பணிகள். ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கம் வேலையைச் செய்ய வேண்டும், பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ அவர்கள் தர வேண்டும் என்பது விதி. காகிதத்தில் அருமை. ஆனால் தேதியைப் பாருங்கள். 2016 அக்டோபரில் உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான். இடையில் மூன்று வருஷம் ஊராட்சிகளில் தேர்ந்தெடுத்த ஆளே இல்லை, தனி அலுவலர்கள் ஆட்சி. குடிகள் சார்பில் கேள்வி கேட்க ஊராட்சியில் யாருமே இல்லாத நேரத்தில் குடிமராமத்து! அவசரமாக ஒரு சங்கம் பதிவு செய்து, அதற்குப் பின்னால் ஒரு கான்ட்ராக்டர் நிற்பதற்கு இதைவிட வசதியான காலம் எது? அந்த முறை ஜெயித்தவர்களின் பதவிக்காலமும் 2025 ஜனவரியில் முடிந்து, பொறுப்பு மறுபடி தனி அலுவலர்களிடம் போனது. அரசியல் சட்டத்தின் பதினோராம் அட்டவணையில் மண் பாதுகாப்பும் சிறுபாசனமும் நீர்வடிப்பகுதி மேம்பாடும் ஊராட்சிகளுக்கு உரியவை என்று 1993 முதல் எழுதி வைத்திருக்கிறது. எழுதி மட்டும் வைத்திருக்கிறது.

சட்டத்துக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. விவசாயிகளே பாசன அமைப்பை நிர்வகிக்க 2000இல் ஒரு சட்டம் வந்தது. நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு 2004இல் தேர்தலும் நடந்தது, அதற்குப் பிந்தைய தேர்தல்கள் உரிய காலத்தில் நடக்கவில்லை. நிலத்தடி நீருக்கு 2003இல் ஒரு சட்டம் போட்டார்கள். அது நடைமுறைக்கே வராமல் 2013இல் ரத்தானது. பத்து வருஷம் பெட்டிக்குள் இருந்து பெட்டிக்குள்ளேயே செத்த சட்டம்! ஏரிகளைப் பாதுகாத்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007இல் இன்னொன்று. கடைசியாக 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம். பக்கத்தில் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து 2017இல் மாதக்கணக்கில் மக்கள் உட்கார்ந்த போராட்டமும் அதற்கு ஒரு காரணம். அந்தச் சட்டத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஐந்து ஒன்றியங்கள் இருக்கின்றன, அதில் கறம்பக்குடியும் ஒன்று. புது எண்ணெய்க் கிணறு வராது. சந்தோஷம். ஆனால் மண்டலத்தைக் காக்கும் ஆணையத்தின் தலைவர் யார்? முதலமைச்சர். வெளியிலிருந்து வரும் கம்பெனியைத் தடுக்க அது போதும். உள்ளூர் வாரி அடைத்துக்கொண்டால் முதலமைச்சரிடமா போவது? கறம்பக்குடி விவசாயிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் ஓர் அமைப்பை அந்தச் சட்டம் உருவாக்கவில்லை.

காமர்ஸ் வகுப்பில் முதல் வருஷமே சொல்லிக்கொடுப்பார்கள்: முதலினச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. இயந்திரம் வாங்குவது முதலாவது, அதற்கு எண்ணெய் போடுவது இரண்டாவது. எந்தச் சொத்துக்கும் தேய்மானம் எழுத வேண்டும். அரசாங்கத்துக்குக் கண்மாய் விஷயத்தில் முதலினச் செலவு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அதற்குத்தான் டெண்டர் உண்டு, திறப்பு விழா உண்டு. வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னால் வாரியில் மூன்று பேர் மண்வெட்டியோடு நடந்துபோய் அடைப்பை எடுக்கும் செலவு எந்த பட்ஜெட் தலைப்பிலும் ஒட்டாது. முன்பு அதைச் செய்தவர் நீர்க்கட்டி. அறுவடையில் அவருக்குப் பங்கு நெல் உண்டு. இன்று அந்த வேலை இல்லை. கண்மாயின் மீன் ஏலமும் கரை மரத்து ஏலமும் மட்டும் நடக்கிறது. அந்த வருமானம் அதே கண்மாய்க்குத் திரும்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வருமானம் ஒரு பேரேட்டில், பராமரிப்பு வேறு பேரேட்டில், தேய்மானம் எந்தப் பேரேட்டிலும் இல்லை. இப்படி ஒரு பெட்டிக்கடையைக்கூட நடத்த முடியாது.

'விவசாயிகளே யோக்கியமா? வாரியை மடக்கி உழுதவன் அவன்தானே?' என்று ஒரு கேள்வி வரும். ஆமாம், அவன்தான். 1990 முதல் இலவச மின்சாரம் வாங்கிக்கொண்டு பக்கத்துக் கொல்லைக்காரனைவிட இன்னும் நூறு அடி கீழே போர் போட்டவனும் அவன்தான். ஆனால் தனியாளாக அவன் யோசித்தது சரிதான். அவன் வாரியை விட்டுக்கொடுத்தால் மேலே இருப்பவன் விட்டுக்கொடுப்பானா? அவன் ஐம்பது அடி மிச்சம் வைத்தால் பக்கத்தவன் வைப்பானா? உத்தரவாதம் தர யாரும் இல்லாத இடத்தில் யோக்கியன்தான் நஷ்டப்படுகிறான். மகாராஷ்டிராவில் ஹிவரே பசாரில் இதற்கு விடை கண்டார்கள். 1990 வாக்கில் போபட்ராவ் பவார் சர்பஞ்ச் ஆன பிறகு, மேட்டில் வரப்பு வெட்டினார்கள், பாசனத்துக்குப் போர்வெல் கூடாது என்று கிராம சபையே முடிவு செய்தது. வருஷா வருஷம் மழையை அளந்து இந்த வருஷம் என்ன பயிர் என்று சபையில் பேசுகிறார்கள். போலீஸ் வந்து தடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரனும் அதே விதிக்குக் கட்டுப்படுகிறான் என்று ஒவ்வொருவருக்கும் கண்ணெதிரே தெரிந்தது, அவ்வளவுதான்.

இங்கே இளைஞர்களுக்கு மனசு இல்லாமல் இல்லை. 2018 நவம்பர் 16இல் கஜா புயல் தென்னையைச் சாய்த்துப் போட்ட பிறகு, 2019இல் பேராவூரணிப் பெரியகுளத்தை 'கைஃபா' இளைஞர்கள் நன்கொடை திரட்டித் தூர் வாரினார்கள். அதைப் பார்த்துப் பல ஊர்களில் பையன்கள் இறங்கினார்கள். கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் வெளிநாட்டில் வேலை பார்க்கும் பையன் அனுப்பும் காசில் எத்தனை வருஷம் ஒரு கண்மாய் வாழும்? அவர்கள் செய்தது அரசு வெட்கப்பட வேண்டிய வேலை. அமைச்சர்களோ பாராட்டுப் பத்திரம் கொடுக்கிறார்கள்.

கறம்பக்குடிக்குத் தேவைப்படுவது ரொம்பப் பெரிய ஆபீஸ் இல்லை. ஊராட்சி எல்லையை வைத்து அல்ல, ஒரு கண்மாய் நிரம்பி அடுத்ததற்கு வழியும் அந்தச் சங்கிலியை வைத்து எல்லை. பட்டாதாரருக்கு மட்டுமல்ல, குத்தகைக்கு உழுபவருக்கும், கணவர் பெயரில் பட்டா இருக்கும் நிலத்தில் நாற்று நடும் பெண்ணுக்கும் ஓட்டு. சங்கிலியின் வால்பக்கத்து ஆளுக்குக் குழுவில் கட்டாயம் ஓர் இடம், இல்லையென்றால் தலைப்பக்கத்தவரே எல்லாவற்றையும் முடிவு செய்வார்கள். ஒரு வேளாண் பொறியாளர், ஒரு சர்வேயர், சம்பளத்துக்கு நாலு நீர்க்கட்டிகள். மீன், மர ஏல வருமானம் நேராக அந்தக் கணக்குக்கு. வண்டல் யார் கொல்லைக்கு எத்தனை டிப்பர் என்று ஒரு நோட்டு, போர்வெல்லுக்கு இன்னொரு நோட்டு, இரண்டும் வருஷத்துக்கு ஒரு தடவை கோயில் திடலில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். தைலமரக் காட்டு வரப்பு எங்கே இருக்கலாம், எங்கே வெட்டிவிட வேண்டும் என்று சொல்ல அந்தக் குழுவுக்கு அதிகாரம். கழகம் அரசு நிறுவனம்தானே, அரசின் இன்னொரு உத்தரவுக்கு அது கட்டுப்படாதா?

இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 2000ஆம் வருஷத்துச் சட்டம் ஆயக்கட்டோடு நிற்கிறது. அதைக் கண்மாயின் வரத்துப் பரப்பு வரைக்கும், அதாவது மேட்டுக் கொல்லைகள் வரைக்கும் நீட்டித்து ஒரு திருத்தம் கொண்டுவந்தால் போதும். முதல் சோதனையைக் கறம்பக்குடி ஒன்றியத்தில் ஒரே ஒரு கண்மாய்ச் சங்கிலியில் வைக்கலாம். அடுத்த கோடையில் ஜேசிபி வருவதற்கு முன்னால், எந்தப் பக்கத்திலிருந்து மண் வருகிறது என்று வரைபடத்தோடு அந்தக் குழு கரையில் நிற்கட்டும்.